சிவப்பைத் தொடும் முள்

ராஜபாளையத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ராஜரத்தினத்துக்குச் சந்தேகம் என்பது குணம் இல்லை, அதுவே ஒரு முழுநேர உத்தியோகம். காலையில் பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் சொம்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் இவர் தூக்கி அசைத்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டாது. சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது இவர் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, வெளியே கழற்றிப் போட்ட தன் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். ஆண்டவர் சந்நிதியிலேயே இந்த லட்சணம் என்றால் மற்ற இடத்தைக் கேட்கவா வேண்டும்!

இந்தக் குணத்தால் சித்தப்பா மகன்களோடு பேச்சு நின்றது. சபைக் கமிட்டியோடு நின்றது. பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் இவர் வருவதைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். பிள்ளை குட்டியும் இல்லை. கடைசியில் ரத்த சொந்தம் என்று மிஞ்சியது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கச்சி ஜெயபாய் ஒருத்திதான்.

“ஒங்களுக்குன்னு இருக்கது அந்த ஒரு தங்கச்சி. அவகிட்டயும் வம்ப இழுத்து வச்சியன்னா, நாளைக்கு நாம செத்தா தூக்கக்கூட ஆள் வராது, பாத்துக்கிடுங்க” என்று மனைவி ஞானபாக்கியம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். ராஜரத்தினம் “உம்” என்பார்.

இந்தச் சங்கதி இவருடைய அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த மனுசன் ஒரு காரியம் செய்துவிட்டுச் செத்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கி, யாரும் உரிமை கேட்டு வராமல் துருப்பிடிக்கக் கிடந்த ஒரு சீமைக் காரை அவர் கஸ்டம்ஸ் ஏலத்தில் எடுத்திருந்தார். சிவப்புக் கலர். ரெண்டே சீட்டு, ரெண்டே கதவு, உயரமோ இடுப்பளவு. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். இஞ்சின் இருப்பது சீட்டுக்குப் பின்னால். ரேடியேட்டரும் அதைக் குளிரவைக்கிற ரெண்டு கரண்ட் ஃபேனும் மட்டும் முன்னால். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால், “முன்னால இஞ்சினக் காணோமே, எவனும் கழட்டிட்டுப் போயிட்டானா?” என்று கேட்காத ஆள் கிடையாது.

சாகும்போது அப்பா சொன்னார்: “கார் ரெண்டு பேருக்கும் பொது. ஒரு மாசம் மகனுக்கு, ஒரு மாசம் மருமகனுக்கு.” பங்குக் கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி காருக்கும் முறை வைத்துவிட்டார். ராஜபாளையத்தில் இவர் வீட்டுச் சந்துக்குள் கார் திரும்பாது. அதனால் கார் நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஜெயபாய் வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில். ஆளுக்கொரு சாவி. தன் முறை மாசத்தில் ராஜரத்தினம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காரை எடுத்து ராஜபாளையம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். அப்பாவின் கணக்கு புரிகிறதா? காரை வைத்தாவது அண்ணன்காரன் தங்கச்சி வீட்டுப் படியேறட்டும் என்றுதான். பல வருஷம் அப்படியே நடக்கவும் செய்தது.

தங்கச்சி மாப்பிள்ளை ஐயாதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஒல்லி ஆள், காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒல்லி. கோர்ட்டில் வேலை பார்த்தும் பொய் சொல்ல வராத ஒரே மனுசன் என்று வக்கீலே கேலி பண்ணுவார்.

ராஜரத்தினத்தின் உடம்போ வேறு ஜாதி. அந்தக் காருக்குள் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். பொங்கல் மாசம் தன் முறை வந்தபோது, டிரைவர் சீட்டைக் கழற்றி, தன் கடையில் விற்கிற இரும்பு ஆங்கிளையே வெட்டி வெல்டு வைத்து, சீட்டைத் தரையோடு தரையாக இறக்கிப் போட்டுக்கொண்டார். ஐயாதுரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முறை வந்தபோது சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து ஓட்டினார்.

எண்பத்தேழாம் வருஷத்துக் கோடையில்தான் வினை ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயபாய் வைத்த கோழிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, ராஜரத்தினம் கொட்டகைக்குப் போனார். காருக்குள் இறங்கி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இஞ்சின் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்குள் முன்னால் இருந்த ரெண்டு ஃபேனும் ‘கொர்ர்ர்’ என்று சுற்ற ஆரம்பித்தன. சூடு காட்டுகிற மீட்டரில் முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டு நின்றது.

ஒரு வாரமாக நிற்கிற வண்டி. இஞ்சின் பச்சைத் தண்ணியாக இருக்க வேண்டும். முள் சிவப்பில் நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? இப்போதுதான் எவனோ ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருக்கிறான்! இறங்கிப் பின்னால் போய் இஞ்சின் மூடியில் கையை வைத்தார். சுர்ரென்றது. சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், மத்தியானத்தில் எதைத் தொட்டாலும் சுர்ரென்றுதான் இருக்கும். மூலையில் கிடந்த அம்மிக்கல்லைத் தொட்டிருந்தாலும் சுட்டிருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப் போகிறது?

“மாப்ள, வண்டிய எங்கயும் எடுத்தியளோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“இல்லையே மச்சான். ஒங்க முறையாச்சே, நான் எதுக்கு எடுக்கப் போறேன்? நீங்க போன வாரம் விட்ட எடத்துலதான் நிக்கி.”

“இல்ல, இஞ்சின் சூடா இருக்கு, அதான் கேட்டேன்.”

“அப்படியா? எனக்கு ஒருநாளும் அப்படிக் காட்டலயே மச்சான்” என்றார் ஐயாதுரை. உள்ளதைச் சொன்னார், பாவம். அவர் முறையில் முள் பாதியைத் தாண்டினதே இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சு போதாதா ராஜரத்தினத்துக்கு? ஒரே கார், ஒரே மீட்டர். எனக்குக் காட்டுவது இவனுக்குக் காட்டாதா? சரியான கள்ளன் என்று நினைத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.

அன்றைக்கு ராஜபாளையம் வருகிற வரைக்கும் முள் இறங்கவில்லை. பள்ளம் மேட்டில் குலுங்கினால் ஒரு நொடி இறங்கும், உடனே ஏறிக்கொள்ளும். பாதி வழியில் பயந்துபோய்ப் புளியமரத்தடியில் நிறுத்திக் காற்று வாங்கவிட்டார். மறுபடி ஏறி உட்கார்ந்தார், மறுபடி சிவப்பு. அப்படியானால் எம்புட்டுத் தூரம் விரட்டியிருப்பான் என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த வாரம் முதல் துப்பறிகிற வேலை ஆரம்பமானது. காரை நிறுத்திவிட்டு டயருக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். கதவிடுக்கில் ஒரு கறுப்பு நூலை ஒட்டிவைத்தார். பின் சக்கரத்தைச் சுற்றிக் கோலமாவைத் தூவினார். மறு ஞாயிறு போய்ப் பார்த்தால் கோடு கோட்டிலேயே இருந்தது, நூல் அறுபடவில்லை, கோலமாவில் ஒரு எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. வேறு ஆளாக இருந்தால் நிம்மதியாகப் போயிருப்பான். இவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ‘கொர்ர்ர்.’ முள் சிவப்பில்.

“அடப்பாவி! கோட்டையும் திரும்பப் போட்டு, நூலையும் திரும்ப ஒட்டி, மாவையும் திரும்பத் தூவியிருக்கானே!” என்று வாய்விட்டே சொன்னார். ஐயாதுரையின் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது.

காரையும் சும்மா விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேல்சாமி என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். வேல்சாமி ஒழுங்காகத்தான் பார்த்தான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தான், நிறைய இருந்தது. இஞ்சினில் சூட்டை அளக்கிற சென்ஸாரின் ஒயரைப் பிடுங்கினான், முள் கீழே விழுந்தது. அதே ஒயரை இரும்பில் தொட்டான், முள் மேலே போனது. ஃபேன் ரெண்டுக்கும் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தான், ரெண்டும் ஓடின. பிறகு சென்ஸாரில் ஒயரை மாட்டிவிட்டு, வெளியே நின்றபடியே உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். முள் பாதிக்கும் கீழே சாதுவாக நின்றது, ஃபேன் மூச்சுவிடவில்லை.

“அண்ணாச்சி, மீட்டர் சரி, ஃபேன் சரி, தண்ணி சரி. இஞ்சின் சூடே ஏறல. வேணும்னா சூடு ஏறுனாத்தான் தண்ணிய ஓடவிடுற அந்த தெர்மோஸ்டாட்டக் கழட்டிக் கடாசிருவோமா? நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?”

“வரும்போது சிவப்புல நின்னுதேய்யா!”

“இப்ப நிக்கலையே.”

ராஜரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஐயாதுரையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறவர்கள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காரைத் திருப்பிக்கொண்டு போய்க் கொட்டகையில் விட்டார். போகிற வழியெல்லாம் முள் சிவப்பில் நின்றது.

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. காரை எடுத்துக்கொண்டு இவன் எங்கே போகிறான்? அதற்கும் பதில் தானாக நடந்து கடைக்கு வந்தது. சுந்தரபாண்டியம் கிராமத்திலிருந்து முள்கம்பி வாங்க வந்த சீனிச்சாமி என்ற விவசாயி, கம்பியை எடை போடுகிற நேரத்தில் சும்மா பேச்சுக்குச் சொன்னார்: “ஒங்க மாப்பிள்ளைய எங்க ஊர்ல அடிக்கடி பாக்கேனே, அண்ணாச்சி. அந்தக் கருத்தம்மா வீட்டுக்கு வாராரு.”

“யாரு கருத்தம்மா?”

“தாலியறுத்த பொம்பள. புருசன் செத்ததும் பங்காளிக கிணத்து முறைய விடமாட்டேங்காக. கோர்ட்டுல கேஸ் நடக்குல்லா? அதுக்குத்தான் வாராரு போல.”

கடைசி வாக்கியம் ராஜரத்தினத்தின் காதில் ஏறவே இல்லை. பொம்பளை, சுந்தரபாண்டியம், அடிக்கடி. இந்த மூன்றையும் சூடான இஞ்சினோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும்: அந்த மனுசனுக்குத் தங்கச்சி மேல் நிஜமாகவே உயிர். அவள் ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. காரை நினைத்து வந்த ஆத்திரம் எல்லாம் போய், ஐயோ என் தங்கச்சி என்கிற பதைப்புதான் நின்றது.

“நான் போய் அவகிட்டச் சொல்லப் போறேன்” என்றார் ஞானபாக்கியத்திடம்.

“ஒரு முள்ளு ஆடுனதுக்குப் போயி ஒரு குடும்பத்தக் கலைக்கப் போறியளா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா?”

“முள்ளு எதுக்குட்டி பொய் சொல்லும்? அதுக்கு என்ன, அவன் சொந்தமா பந்தமா?”

கோர்ட்டு நேரமாகப் பார்த்துப் போனார். ஜெயபாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலைநாளில் வந்ததைப் பார்த்து, அண்ணிக்குத்தான் என்னமோ ஏதோ என்று பதறி எழுந்தாள். ராஜரத்தினம் அவளை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார். சூடு, முள், ஃபேன், கோலமாவு, வேல்சாமி, கடைசியில் கருத்தம்மா.

ஜெயபாய் முறத்து அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு சொன்னாள்: “அண்ணே, பத்து நாளா அந்தக் காருக்குப் பின்னாலதான் அடைக்கோழிக் கூடைய வச்சிருக்கேன். நீங்க வார ஞாயித்துக்கெழம மட்டும் நான் என் கையால எடுத்து உள்ள வைக்கேன். மத்த நாள்ல காரு ஒரு அடி பின்னால வந்தா கூடை நசுங்கிப் போகும். காரு எங்கயும் போகல.”

“கூடைய நகத்துறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும் ஜெயா?”

“நான் வீட்டுலயே கெடக்கேன். அந்தக் காரு சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். எனக்குக் கேக்காதா?”

“நீ பின்கட்டுல இருந்திருப்ப.”

“நான் சொல்லுதேன்லா அண்ணே! நான், ஒங்க தங்கச்சி சொல்லுதேன்!”

“நீ வெகுளிட்டி. அதான் ஒன்ன ஏமாத்துதான்.”

ஜெயபாய் முறத்தைக் கீழே வைத்தாள். “எந்திரிங்க அண்ணே” என்றாள். “வேற எவளும் வந்து இந்தப் பேச்சப் பேசியிருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பேன். நீங்க எந்திரிச்சுப் போயிருங்க.”

மறுநாள் காலை ராஜரத்தினம் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஐயாதுரை வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ராத்திரி முழுக்க அழுத பொம்பளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளின் முகம் அது.

“காரு ஒங்களுக்கே இருக்கட்டும் மச்சான். எனக்கு இந்தச் சாவி வேண்டாம். ஜெயா இனிமே இங்க வரமாட்டா. நான் சொல்லிக் குடுத்துச் சொல்லல. அவளாத்தான் சொல்லச் சொன்னா.”

ராஜரத்தினம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துபோகிற மாப்பிள்ளையின் முதுகையே பார்த்தார். குத்தம் செய்யாதவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பானே, சாவியை ஏன் கொடுக்கிறான் என்றுதான் அப்போதும் அவர் புத்தி போனது. விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஞானபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “இருந்த ஒருத்தியையும் தொலச்சிட்டியளே, தொலச்சிட்டியளே” என்று புலம்பியவள் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

கார் ராஜபாளையத்துக்கு வந்தது. பழைய பஞ்சு குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அதற்குள் நிறுத்தினார். தன் கடையிலேயே பெரிய பூட்டாக ஒன்றைத் தேடி எடுத்துப் பூட்டினார். ரெண்டு சாவியும் குடோன் சாவியும் அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கின. குளிக்கும்போதுகூடக் கண்ணுக்கு நேராகத்தான் மாட்டி வைத்தார். இனி எவன் எடுக்கிறான் பார்க்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போக வர ஆள் இல்லாத ஞாயிறு. சர்ச் முடிந்து நேராகக் குடோனுக்குப் போனார். பூட்டை இழுத்துப் பார்த்தார், பத்திரமாக இருந்தது. திறந்தார். உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. காருக்குள் இறங்கி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

‘கொர்ர்ர்.’

முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பில் போய் நின்றது.

ராஜரத்தினம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரைச் சந்தேகப்பட? சாவி இடுப்பில் இருக்கிறது. பூட்டு அவர் பூட்டு. ஞானபாக்கியத்துக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. தேடித் தேடிப் பார்த்தார், ஒரு ஆள்கூடச் சிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சந்தேகப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது. இறங்கிப் பின்னால் ஓடிப் போய் இஞ்சினில் கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது, மண்பானை மாதிரி.

அப்படியே சுப்புராஜ் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். சுப்புராஜ் ஆள் சின்னவர், ஆனால் பேர்போன மெக்கானிக், ராஜபாளையத்து மில்லுக்காரர்கள் கார் எல்லாம் அங்கேதான் வரும். அவரும் வேல்சாமி பார்த்ததையெல்லாம் திரும்ப ஒரு சுற்றுப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார், முள் கீழே நின்றது. “நீங்க ஒக்காருங்க” என்றார். ராஜரத்தினம் உட்கார்ந்ததும் சிவப்பு. சுப்புராஜ் தலையைச் சொறிந்தார். “இருபது வருசமா இந்தத் தொழில் பாக்கேன். ஆளப் பாத்து சூடாகுற வண்டிய இப்பத்தான் பாக்கேன்” என்று எரிச்சலோடு டீ குடிக்கப் போய்விட்டார்.

ராஜரத்தினம் காருக்குள்ளேயே இருந்தார். வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை எடுக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பைத் தூக்கினார். ஃபேன் நின்றது. முள் இறங்கியது. திரும்ப உட்கார்ந்தார். ஃபேன் ஓடியது. முள் ஏறியது. மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். டீ கிளாஸோடு திரும்பி வந்த சுப்புராஜ், காருக்குள் ஒரு பெரிய மனுசன் தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

சீட்டைக் கழற்றினார்கள். பின்னால் இஞ்சினிலிருந்து முன்னால் மீட்டருக்கும் ஃபேனுக்கும் போகிற ஒயர் ரெண்டும் சீட்டுக்கு அடியில்தான் போயின. பொங்கல் மாசம் ராஜரத்தினம் வெல்டு வைத்து இறக்கிய ஆங்கிளின் முனை அந்த ரெண்டு ஒயர் மேலேயும் உட்கார்ந்திருந்தது. மூணு நாலு மாசம் உரசியதில் மேல்தோல் கிழிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. லேசான ஆள் உட்கார்ந்தால் ஆங்கிள் அந்தரத்தில் நிற்கும். இவர் உட்கார்ந்தால் இறங்கி, ஒயரை இரும்போடு சேர்த்து அமுக்கும். வேல்சாமி சென்ஸார் ஒயரை இரும்பில் தொட்டதும் முள் மேலே போனதே, அதே வேலையைத்தான் ராஜரத்தினத்தின் உடம்பு இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தது.

“ஒங்க வெயிட்டுதான் சார்” என்றார் சுப்புராஜ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இத ஒரு டேப்ப சுத்தி ஓரமா ஒதுக்கிட்டாப் போதும்.” டேப்பைச் சுற்றி முடிக்க ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ராஜரத்தினம் ஏறி உட்கார்ந்தார். முள் அசையவே இல்லை. அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, ஒர்க் ஷாப் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார். சுப்புராஜுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். காரை எடுக்க மனசு வரவில்லை. ஜெயபாய் வாசலில் அண்ணனைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ராஜரத்தினம் தானாக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். ஆங்கிள், ஒயர், டேப் எல்லாவற்றையும் சொன்னார். “நான் மகா பாவி ஜெயா. ஒன் கால்ல விழணும்னாலும் விழுதேன். மாப்பிள்ள காரைத் தொடவே இல்ல. எல்லாம் என் உடம்பு பண்ணுன வேல.”

“அத நான் அன்னைக்கே சொன்னேனே அண்ணே” என்றாள் ஜெயபாய். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை உலுக்கியது. “ஒரு ஒயரு சொன்ன பொறவுதான நம்புதிய. அந்த ஒயரு கிடைக்காமப் போயிருந்தா?”

ராஜரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். அவளே உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். “குடிங்க. அண்ணி எப்படி இருக்காக?” என்று கேட்டாள். அவ்வளவுதான், அவருக்கு உயிர் திரும்பி வந்தது. ஆண்டவர் கைவிடவில்லை, தங்கச்சி கிடைத்துவிட்டாள் என்று டம்ளரைக் கையில் எடுத்தார். அடுத்த ஞாயிறு ஞானபாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஜெயபாய் சரி என்று தலையை ஆட்டினாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. ஜெயபாய் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐயாதுரை உள்ளே வந்தார். மச்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்படிப்பட்ட மனுசன் அவர். “வாங்க மச்சான், எப்ப வந்திய?” என்றார்.

“இம்புட்டு நேரம் எங்க போயிருந்திய?” என்று கேட்டாள் ஜெயபாய். சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆனால் அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குப் புதுசு.

ஐயாதுரை ஒரு கணம் தயங்கினார். மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். “கோர்ட்டுலதான். வேலை இழுத்துருச்சு” என்றார்.

அவர் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு ராஜரத்தினம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நேராகத் தெரிந்தது. பார்க்காதே என்று மனசு சொல்லியும் கண் போய்விட்டது. ரெண்டு செருப்பிலும் வயக்காட்டுச் சேறு ஈரமாக அப்பியிருந்தது. கோர்ட்டு வாசலில் ஏது சேறு? சுந்தரபாண்டியத்து வயல் வரப்பில் நடந்துவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கிணற்றுக் கேஸுக்காகத்தான் போயிருப்பார், வேறெதற்கும் இல்லை. ராஜரத்தினத்துக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் வீட்டில் இன்னொரு ராத்திரி அழுகை என்று பயந்து, பொய்யே சொல்ல வராத மனுசன் இப்போது பொய் சொல்லிவிட்டார்.

ராஜரத்தினம் வாயைத் திறந்தார். என்ன சொல்ல? மாப்பிள்ளை சொன்னது பொய், ஆனால் அவர் நல்லவர் என்று சொல்லவா? இந்த வீட்டில் அதைச் சொல்லி யார் நம்ப?

திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார். ஜெயபாயும் அந்தச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல், புருசன் கைகால் கழுவத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள்.